புஷ்பப் பயிர்களுக்கு மணற்சத்து

பூமியின் மேலோட்டு எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பங்கு ஸிலிகன் என்னும் மணற்சத்தாகும். இங்ஙனம் எங்கும் நிறைந்துள்ள பொருளைப் பயிருக்குத் தனியே இடுவானேன் என்று சிலர் வினவக்கூடும். மணலாகவும் களிமண்ணாகவும் இறுகிக் கிடக்கும் ஸிலிகனை வேர்கள் உட்கொள்ள இயலா. அது ஸிலிஸிக் அமிலமாகி நீரில் கரைந்த பின்னரே பயிருக்கு உதவும். மண்ணின்றித் தென்னை நார்க்கழிவு முதலியன நிரப்பிய தொட்டிகளில் வளரும் ஜெர்பெரா, ரோஜா போன்ற செடிகளுக்கு இவ்வாறு கரையக்கூடிய ஸிலிகன் மிகக் குறைவாகவே கிட்டுகிறது.

உட்சென்ற ஸிலிகன் இலை, தண்டு ஆகியவற்றின் மேற்றோலில் படிந்து உறுதியளிக்கிறது. காம்பு வளைந்த பூவுக்குச் சந்தையில் விலையில்லை என்பதைப் பூ வளர்ப்போர் நன்கறிவர். ரோஜாவில் சாம்பல் நோயின் கடுமையையும் இச்சத்து தணிப்பதாகக் கண்டிருக்கின்றனர். எனினும் எல்லாச் செடிகளும் ஒரே அளவில் இதனை ஏற்பதில்லை. ஜின்னியாவும் சூரியகாந்தியும் மிகுதியாக ஏற்கும். பெட்டூனியா சிறிதளவே ஏற்கும்.

பரீக்ஷையின் முடிவு

அமெரிக்காவில் ஓக்லஹோமா ராஜ்யப் பல்கலைக்கழகத்தார் அலங்காரச் சூரியகாந்தியில் நடத்திய பரீக்ஷையின் முடிவுகள் 2008-ல் வெளியாயின. உமிச் சாம்பல், பொட்டாஸியம் ஸிலிகேட், ஸோடியம் ஸிலிகேட் ஆகியவற்றைப் பல அளவுகளில் இட்டுப் பார்த்தனர். தக்க அளவில் இட்ட செடிகளில் தண்டு பருத்து நிமிர்ந்து நின்றது, பூவும் அகன்றது. ஆனால் லிட்டருக்கு 100, 200 மில்லிகிராம் ஸிலிகன் வீதம் பொட்டாஸியம் ஸிலிகேட் கரைசலை வேரில் ஊற்றிய செடிகள் குறுகின; பூக்கள் உருக்குலைந்து, காலந்தாழ்த்தி மலர்ந்தன. மிகுதியாக இட்டால் மிகுதியான பலன் என்று எண்ணுதல் கைமுதலுக்கே கேடாகும்.

கவனிக்க வேண்டியவை

1. பொட்டாஸியம் ஸிலிகேட் கடுங்காரமுள்ளது. நீரில் நன்கு கலக்கிய பின்னர், கரைசலின் காரத்தைச் சோதித்துத் தணித்தே ஊற்றுக.

2. சுண்ணாம்புச் சத்துள்ள உரங்களின் செறிந்த கரைசலுடன் இதைச் சேர்த்தால் படிவு உண்டாகிக் குழாய்கள் அடைபடும்.

3. முதிர்ந்த இலையில் படிந்த ஸிலிகன் தளிருக்குச் செல்லாது. ஆகையால் சிறு அளவில் அவ்வப்போது இடுதலே முறை.

4. உமியைக் கடும் வெப்பத்தில் எரித்தால் அதிலுள்ள மணற்சத்து எளிதில் கரையாத நிலையை அடையும். மிதமான சூட்டில் கருக்கிய உமியே ஏற்றது.

5. மணற்சத்து சாம்பற்சத்துக்கோ தழைச்சத்துக்கோ மாற்றாகாது.

முதலில் சில தொட்டிகளில் மட்டும் இட்டு, இடாதவற்றோடு தண்டின் பருமனையும் பூவின் அகலத்தையும் அளந்து ஒப்பிடுக. செலவுக்கேற்ற பலன் கண்டாலன்றித் தோட்டம் முழுமைக்கும் இடவேண்டா.