அரவின் நஞ்சும் நச்சுமுறி மருந்தும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. ஆயினும், மிகக் கொடிய கடிகளுள் ஒன்று எவரையும் நடுங்கச் செய்வதில்லை. இரவில் தரையிற் பாய் விரித்து உறங்குவோரை எட்டடி விரியன் தீண்டின், கடிவாயில் நோவோ வீக்கமோ பெரும்பாலும் தோன்றாது. பற்குறியும் எளிதிற் புலப்படாது. சில மணி நேரத்தில் வயிற்றுநோவு எடுக்கும், பின்னர் இமைகள் சோரும், நாக் குழறும், ஈற்றில் மூச்சை இயக்கும் தசைகளும் ஓயும்.

சண்டிலிப்பாய் முதலிய வலிகாமத்து ஊர்களில் வயலும் தோட்டமும் வேலியும் மனையை ஒட்டியே அமைந்திருத்தலின், இவ்வறிவு யாவர்க்கும் வேண்டற்பாலது. குடாநாட்டுத் தரையில் அஞ்சத்தக்க ஏனைய அரவுகள் மூன்று. கண்ணாடி விரியனின் நஞ்சு குருதியின் உறையுந் தன்மையைக் கெடுத்துச் சிறுநீரகத்தையும் தாக்கும்; ஈழத்தில் அஃது இமைச்சோர்வையும் விளைப்பதுண்டு. நாகத்தின் நஞ்சு நரம்பை முடக்குவதோடு கடிவாய்த் தசையையும் அழிக்கும். சுருட்டை விரியனின் நஞ்சு பெரிதும் குருதியையே கெடுக்கும். கடியுண்டவரின் குருதியைத் தூய கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாது வைத்துப் பார்ப்பர். உறையாதாயின் விரியன் நஞ்சு ஏறிற்றென்பது துணிபு.

இந்நஞ்சுகளுக்கு மாற்றுக் காணும் வழியை 1894இல் பிரான்சிய அறிஞர் கல்மெற் முதலானோர் வெளிப்படுத்தினர். குதிரையின் உடலிற் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பதே அம்முறை. இலங்கை வைத்தியசாலைகளில் நெடுங்காலம் வழங்கிவருவது, மேற்கூறிய நான்கு அரவுகளுக்குமென இந்தியாவிற் செய்யப்படும் மருந்தாகும். அதற்கு வேண்டிய நஞ்சினைத் திரட்டித் தருவோருள் தலையாயவர், 1978இல் சென்னையை அடுத்துத் தொடங்கப்பெற்ற கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த இருளர் ஆவர்.

இம்மருந்து குருதியில் உலவும் நஞ்சையே பற்றி முறிக்கும். எட்டடி விரியனின் நஞ்சு நரம்பு முனைகளை அழித்த பின்னர் அவற்றை மீட்கும் ஆற்றல் அதற்கில்லை. அந்நிலையில் செயற்கைச் சுவாசப் பொறியே உயிரைத் தாங்கவேண்டும். முறிக்கப்படுவது நஞ்சாதலின் சிறுவர்க்கும் பெரியோர்க்கும் மருந்தின் அளவு ஒன்றே. குதிரைப் புரதம் சிலர்க்குக் கடும் ஒவ்வாமையை விளைத்தலும் உண்டு. மருந்தேற்றுமுன் சிறிதளவு அதிரினலினைத் தோலின்கீழ் ஏற்றின் அத்தீங்கு குறையுமென்பதை, 2011இல் வெளியான இலங்கை ஆய்வொன்று நிறுவிற்று.

ஆகவே, கடிவாயைக் கீறுதலும் உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் தகா. பார்வை பார்ப்பித்துப் பொழுது போக்குதலும் தகாது. கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து வைத்தியசாலைக்கு விரைதலே முறை. நன்றாக உறங்கிய பிள்ளை வயிற்றுநோவுடன் எழுந்து, விடியலில் இமை சோர்ந்து கிடக்குமாயின், பற்குறியைத் தேடி நின்று காலத்தை இழத்தல் பெற்றோர்க்கு அடாது.