பாடம் உங்களோடது, ஃபைல் யாரோடது?

பீர்க்கன்கரணையில இருந்து பேசுறேன். பின்னாடி ஹாரன் சத்தம் கேட்டா அது ஜிஎஸ்டி ரோடு, கண்டுக்காதீங்க.

இந்த எபிசோடு டீச்சர்களுக்கு. உங்க வீட்டுல ஒரு டீச்சர் இருந்தா அவங்களுக்கு அனுப்பிவிடுங்க. பசங்க சும்மா பார்த்துட்டுப் போகாம, தொட்டு, இழுத்து, பதில் சொல்லிப் படிக்கிற பாடத்தைச் செய்ய எந்த சாஃப்ட்வேர் நல்லது? இதுதான் கேள்வி.

எந்த டூலில் எத்தனை வசதி என்று டிக் அடித்த அட்டவணைகள் நிறைய கிடைக்கும். நான் முதலில் பார்ப்பது வேற ஒண்ணு: இரண்டு வருஷம் கழித்து இந்தப் பாடத்தை யாரால் திறந்து திருத்த முடியும்? அரசுப் பள்ளி டீச்சருக்கு மாறுதல் கலந்தாய்வு வரும். புத்தகமும் மாறும். 2018-ல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதுப் புத்தகம் வந்தது ஞாபகம் இருக்கும். பழைய பாடத்துக்கு ராத்திரி உட்கார்ந்து செய்த வேலையைத் திருத்தியாவது பயன்படுத்த முடியணும் இல்லையா?

ஃபிளாஷ் கதை தெரியும்ல? ஒரு காலத்தில் அனிமேஷன் பாடம் என்றாலே ஃபிளாஷ்தான். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12-லிருந்து ஃபிளாஷ் பிளேயரே அந்த ஃபைல்களை ஓட்ட மறுத்தது. சிடி சிடியாக இருந்த பாடங்கள் பள்ளி பீரோவில் அப்படியே இருக்கு, திறப்பதுதான் பெரும்பாடு.

சரி, டூல்களுக்கு வருவோம். கார்ப்பரேட் டிரெய்னிங்கில் பெரிய ஆள் ஆர்டிகுலேட் ஸ்டோரிலைன். நிஜமாவே நல்ல டூல். மாணவர் சொல்லும் பதிலைப் பொறுத்துக் கதை வேறு பாதையில் போகிற மாதிரி செய்ய இதுதான் வசதி. ஆனால் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். வருஷச் சந்தா ஆயிரம் டாலருக்கு மேல். வெளியிட்ட பாடத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு திருத்த முடியாது. மூல ஃபைலும் வேணும், சந்தாவும் உயிரோடு இருக்கணும். ஸ்லைடு அளவில் செய்வதால், போனை நிமிர்த்திப் பிடித்தால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரியும். பள்ளி நிர்வாகம் பணம் கட்டினால் யோசிக்கலாம். சொந்தக் காசு போட வேண்டாம்.

இலவசத்தில் இரண்டு சொல்வேன். ஒன்று ஈஎக்ஸ்இலேர்னிங். நியூசிலாந்தில் பிறந்து இப்போ ஸ்பெயினில் வளர்கிறது. முழு அலகையும் பக்கம் பக்கமாக அடுக்க நல்லா இருக்கும். பார்க்க ரொம்ப அழகுன்னு சொல்ல மாட்டேன்.

இன்னொன்று எச்5பி. 2013-ல் நார்வேயில் தொடங்கியது, ஓப்பன் சோர்ஸ். லூமி என்கிற இலவச டெஸ்க்டாப் ஆப்பைப் போட்டுக்கொண்டால் நெட் இல்லாமலே எச்5பி பாடம் செய்யலாம். உதாரணத்துக்கு, பீர்க்கன்கரணை ஏரியைப் போனில் நாலு நிமிஷம் வீடியோ எடுங்க. தண்ணீர் எங்கிருந்து வருதுன்னு காட்டுற இடத்தில் வீடியோ நின்று கேள்வி கேட்கும். தப்பாகச் சொன்னால் அந்தக் காட்சிக்கே திரும்பக் கூட்டிப்போகிற மாதிரியும் வைக்கலாம். முடித்ததும் ஒரே எச்டிஎம்எல் ஃபைலாக எடுத்துக் கொடுத்தால் போன் பிரவுசரில் திறக்கும். எச்5பி ஃபைலை அப்படியே கொடுத்தால் அடுத்த டீச்சர் திறந்து, ஏரியை எடுத்துட்டு அவங்க ஊர் குளத்தைப் போட்டுக்கலாம். என் ஓட்டு இதுக்குத்தான்.

ஒரு குறை இருக்கு. எச்டிஎம்எல் ஃபைலாகக் கொடுத்தால் யார் எத்தனை மார்க் எடுத்தார்கள் என்பது உங்களுக்கு வந்து சேராது. பயிற்சிக்கு அது போதும். மார்க் பதிவாகணும் என்றால் மூடுல் மாதிரி ஒரு தளம் வேணும். 3.9 பதிப்பிலிருந்து அதற்குள்ளேயே எச்5பி-யை ஒரு செயல்பாடாக வைக்கலாம். 2017-ல் வந்த தீக்ஷா தளமும் எச்5பி ஃபைலை ஏற்கும்.

இப்போ தமிழ். அட்டவணைகளில் இது வரவே வராது. எச்5பி-யில் கோடிட்ட இடம் நிரப்பும்போது, சின்ன எழுத்துப்பிழையை ஏற்றுக்கொள்ளவா என்று ஒரு தேர்வு இருக்கும். இங்கிலீஷுக்கு அது நல்ல மனசு. தமிழில் 'வாள்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வால்' என்று எழுதினாலும் சரின்னு சொல்லிடும். லகர ளகரம் சொல்லித்தரத்தானே அந்தக் கேள்வியே! அதை அணைத்து வையுங்க.

இன்னொரு வில்லங்கம் 'கொ' மாதிரி எழுத்துகள். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒண்ணுதான். ஆனால் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளாமல் ஒப்பிடும் எந்த சாஃப்ட்வேருக்கும் அவை வேறு வேறு சொல். சரியாக எழுதிய பிள்ளைக்குச் சிவப்பு விழும், காரணம் யாருக்கும் புரியாது. அதனால் எந்த டூலாக இருந்தாலும், வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் 'கொக்கு', 'தோணி' என்று இரண்டு சொல்லை வேறு வேறு கீபோர்டில், வேறு வேறு போனில் அடித்துப் பாருங்க. சிவப்பு வந்தால் அந்தக் கேள்வியை இழுத்துப் பொருத்துவதாக மாற்றிடுங்க. அதில் யாரும் டைப் செய்ய வேண்டியதில்லை.