மரமின்றி எழுந்த கோயிலும் மரத்தச்சரும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் ஊருண்டு. அங்கே ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்குமின்றி இதனைச் செய்வித்ததாக, விசித்திரசித்தன் என்னும் தன் பட்டப்பெயரால் வடமொழிச் சாஸனமும் பொறித்தான். மன்னனது பெருமிதத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால், மரமில்லை என்பதே கல்லில் வெட்டத் தக்க செய்தியாக இருந்ததென்றால், அதுவரை கோயில் என்றதும் ஜனங்கள் நினைவுக்கு வந்தது மரமும் செங்கல்லுமே என்பது விளங்குகிறதன்றோ?

வேடிக்கை என்னவெனில், மரத்தை விலக்கிய அக்குகையிலேயே தச்சனுடைய கை தெரிகிறது. தூணின் உச்சியிலுள்ள போதிகையைப் பாருங்கள். மரக் கட்டடத்தில் அதற்கு வேலையுண்டு. இருபுறமும் நீண்டு உத்திரத்தைத் தாங்கி, தூணுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்து, பாரத்தைத் தூணில் இறக்குவது அதன் கடமை. தூணும் உத்திரமும் ஒரே பாறையாக இருக்கையில் போதிகை எதற்கு? தச்சன் வைத்ததைக் கற்றச்சன் விட மனமின்றிச் செதுக்கினான் என்பதன்றி நமக்கு வேறு விடை தோன்றவில்லை. அருகிலுள்ள தளவானூர்க் குகையின் கூடுகளும் வளைந்த மரக் கூரையின் முகப்பைக் காட்டுவனவே. மாமல்லபுரத்துத் திரௌபதி ரதமோ சாக்ஷாத் கூரைக் குடிசை!

1993 வரை இப்பகுதியுடன் ஒரே தென்னாற்காடு ஜில்லாவில் இருந்த சிதம்பரத்தில் சிற்சபை இன்றும் மரத்தாலேயே நிற்கிறது. அதன் பொற்கூரையைப் புகழாதவர் இல்லை. கூரையைத் தாங்கும் மரத்தைப் பேசுவோர்தாம் அரியர்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் இதே வித்தை வாழ்ந்து வந்தது. திண்ணைத் தூண், அதன்மேல் உத்திரம், முதிர்ந்த பனையைப் பிளந்து சோற்றை நீக்கி வைரத்தை மட்டும் கொண்ட வாரைகள். துளையில் கழுந்தைப் பொருத்தி இறுக்கிய கட்டு. பழுதுற்ற உறுப்பை மட்டும் கழற்றி மாற்றலாம். காங்கிரீட்டுத் தளத்தில் கம்பி துருவேறினால் அவ்வளவு எளிதாக மாற்ற இயலுமா? ஆயினும் இவ்வீடுகள் இடிபடுகின்றன. தூண்கள் செல்வர் மாளிகைக்கு அலங்காரமாக விலைபோகின்றன. வாரைகள் அடுப்புக்குப் போகின்றன.

மண்டகப்பட்டுக் குகைக்கு மத்திய ஸர்க்காரின் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பு உண்டு. பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று தமிழ்நாடு ஸர்க்கார் 2021-ஆம் வருஷத்தில் அறிவித்தனர், நாம் மகிழ்ந்தோம். நிற்கும் பனைக்குக் கிடைத்த காவல் வாரையாகி வீட்டைத் தாங்கும் பனைக்கு ஏன் கிடைக்கலாகாது? பழைய வீட்டை இடிக்க முற்படுவோர், அதற்கு முன் அதனை அளந்து படமெடுக்க இடங்கொடுக்க வேண்டும். இவ்விரு ஊர்களின் நகராட்சிகள் அப்படங்களைச் சேர்த்து வைக்கட்டும். கழுந்து வெட்டத் தெரிந்த முதிய தச்சர்களைத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு அழைத்து, சம்பளம் கொடுத்து, பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்யட்டும். அவர்களுக்கு வயதாகிவிட்டது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடிய காரியமன்று இது.