நினைவின் கிளைகள்

மூணாற்றில் வாழும் நம்மவர்க்கு அவ்வூரின் பெயர்க்காரணம் புதிதன்று. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடும் இடமாதலின் அது மூணாறு ஆயிற்று. பாலக்காட்டுப் பக்கத்து அன்பர்களோ, பல சிற்றாறுகள் சேர்ந்து பாரதப்புழையாவதைக் கண்டு வாழ்கின்றனர். எங்கோ மேட்டில் பெய்த மழையின் கணக்கு, கீழே ஆறு கூடுமிடத்தில் தெரிகிறது. நம் நினைவைக் காக்கும் நரம்பணுக்களும் ஏறத்தாழ இவ்வாறே தொழிற்படுகின்றன.

நம் மூளையின் இருபுறத்தும், காதுகளுக்கு நேர் உள்ளே, கடற்குதிரையை ஒத்த வடிவில் ஓர் உறுப்பு அமைந்துள்ளது. ஹிப்போகாம்பஸ் என்பது அதன் பெயர். 1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவரின் வலிப்பு நோயைத் தீர்க்கக் கருதி, இவ்வுறுப்பின் பெரும்பகுதியை மருத்துவர் அகற்றினர். வலிப்பு தணிந்தது. ஆனால் 2008இல் இறக்கும்வரை, புதிதாய்க் கண்ட முகத்தையும் கேட்ட செய்தியையும் நினைவில் நிறுத்த அவரால் இயலவில்லை. இவ்வுறுப்பின் அருமையை உலகம் உணர்ந்தது அவரால்தான்.

இங்குள்ள நரம்பணு ஒன்றைப் பெருக்கிப் பார்த்தால் இலையுதிர்ந்த மரம்போல் தோன்றும். அதன் கிளைகளை டென்டிரைட்டுகள் என்பர். எலியின் நரம்பணு ஒன்றின் கிளைகளில் மட்டும், தூண்டும் குறிப்புகள் வந்து சேரும் வாயில்கள் ஏறத்தாழ 30,000 உள்ளன. ஒரு வாயிலில் வந்த குறிப்பு மிகச் சிறிய மின்னசைவே. மணலில் ஓடும் நீர் குறைவதுபோல, அணுவின் உடலை நோக்கி வரும் வழியிலேயே அது மெலிந்துவிடும். ஆயினும், ஒரே கிளையில் அருகருகே பல குறிப்புகள் ஒரே வேளையில் வந்துவிட்டால், அக்கிளையே விழித்துக்கொண்டு அவற்றை வலுவாக்கி அனுப்புகிறது. எல்லாம் கூடி ஓர் எல்லையைத் தாண்டினால்தான் நரம்பணு தன் செய்தியை அடுத்த அணுவுக்குச் செலுத்தும். எத்தனை குறிப்புகள் என்பதோடு, எங்கே, எப்பொழுது வந்தன என்பதும் கணக்கில் சேரும் என்று அறிக.

தூண்டும் குறிப்போடு தடுக்கும் குறிப்பும் உண்டு. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உபிந்தர் பல்லாவும் உடன் ஆய்ந்தோரும் சுண்டெலியின் மூளைத் துண்டுகளை ஆராய்ந்து 2019இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். தூண்டுதல் மிகுமளவுக்குத் தடுத்தலும் ஒத்த அளவில் மிகுகிறது என்பதே அது. அணைக்கு மதகு எப்படியோ, நரம்பணுவுக்குத் தடுக்கும் குறிப்பு அப்படி.

இக்கிளைகள் என்றும் மாறாதவை அல்ல. அதே மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழுவினர், எலிகளை நாள்தோறும் 2 மணி நேரம் அசையவொட்டாமல் 10 நாள் வைத்து, 2002இல் தம் முடிவை வெளியிட்டனர். ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியில் கிளைகள் சுருங்கின. அச்சத்துக்குரிய அமிக்டலாவிலோ கிளைகள் வளர்ந்தன. பின் 21 நாள் துன்பமின்றி விட்டபோது, ஹிப்போகாம்பஸின் கிளைகள் மீண்டும் பழைய நிலையை அடைந்தன. அமிக்டலாவில் வளர்ந்தவை குறையவில்லை. எலிகளின் அச்சமும் தணியவில்லை. 2004இல் வெளியான இம்முடிவு நம் சிந்தனைக்குரியது.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் மறைந்தன. அவர்களுள் பெரும்பாலோர் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். ஆண்டுகள் கடந்த பின்னும் மழையிரவில் உறக்கம் கலைந்து எழுவோரை, "இன்னுமா அச்சம்?" என்று கேட்பது எளிது. எலியிற் கண்டது மனிதர்க்கு அப்படியே பொருந்தும் என்று நாம் துணிந்து கூறவில்லை. எனினும், நாள் கழிந்ததனாலேயே அச்சம் கழிந்துவிடும் என எண்ணுதல் தவறு என்பதையேனும் இவ்வாய்வு நமக்கு உணர்த்துகிறது. அவ்வச்சம் கோழைத்தனம் அன்று.

ஆகவே, அத்தகையோர் நம் இல்லத்தில் இருப்பின் ஏளனம் செய்யாது அருகிருப்போம். தயக்கமின்றி மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். நினைவின் கிளைகள் சுருங்கினும் மீண்டும் தழைக்க வல்லவை. அவை தழைப்பதற்கு வேண்டிய அமைதியை நம் வீட்டில் ஆக்கித் தருவது நம் கையில் உள்ளது.