ஏழு சுற்றுக் கோட்டை

வெண்ணந்தூர்த் தறியில் ஊடை நூல் ஒரு கரை வரை ஓடும், திரும்பும், மறு கரைக்குப் போகும். இழை ஒன்றுதான். தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர்ப் பக்கம் தரையில் கல் வரிசைகளாகக் கிடக்கும் ஏழு சுற்றுக் கோட்டையில் நடப்பதும் அப்படித்தான். வேண்டுதலோடு வாசலில் நுழைந்தால் கிளை வழி கிடையாது, முட்டுச்சந்து கிடையாது. வழி தேடும் வேலை இல்லாததால், மனம் வேண்டுதலிலேயே நிற்கிறது.

ஆனால் அந்த ஒற்றைப் பாதை நேரே மையத்துக்குப் போவதில்லை. வெளியிலிருந்து எண்ணினால், முதலில் கால் வைப்பது மூன்றாம் சுற்றில். பிறகு இரண்டு, ஒன்று என்று வெளியே தள்ளப்படுகிறோம். அடுத்து நான்கு. அங்கிருந்து ஒரே தாவலில் ஏழு. மையம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. உடனே ஆறு, ஐந்து என்று விலக்கிக் கொண்டுபோய், அதன் பிறகே உள்ளே விடுகிறது. பாதை இரண்டடி அகலம் என்றால் மையம் இருப்பது பதினாறடியில். நடப்பதோ ஏறத்தாழ 400 அடி!

இதைச் சக்கரவியூகம் என்றும் சொல்வார்கள். அபிமன்யுவுக்கு வெளியேறத் தெரியவில்லை. இங்கே அந்தக் கவலை இல்லை. திரும்பும்போது சுற்றுகளை உள்ளிருந்து எண்ணிப் பாருங்கள்: மூன்று, இரண்டு, ஒன்று, நான்கு, ஏழு, ஆறு, ஐந்து. போன வரிசையேதான்! எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

வரைவது எளிது. ஒரு கூட்டல் குறி, அதன் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு மடக்குக் கோடு, அவற்றுக்கு வெளியே நான்கு புள்ளிகள். கிடைக்கும் 16 முனைகளை வளைகோடுகளால் வரிசையாக இணைத்தால் எட்டுச் சுவர், ஏழு பாதை. கிரேக்கத்தின் பைலோஸில் சுமார் 3,200 ஆண்டுக்கு முந்தைய களிமண் பலகையிலும் இதே அமைப்பு, சதுர வடிவில். பொள்ளாச்சி அருகே கெடிமேட்டில் இருப்பதும் சதுரமே; பக்கம் 56 அடி. தமிழ்ப் பெண்களின் வாசல் கோலத்திலும் பச்சைகுத்தலிலும் இவ்வகை வடிவங்கள் உண்டு. மானிடவியலாளர் ஜான் லேயார்ட் 1937இல் அவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

ஒரே பாதை என்பதால், நாலைந்து கற்களை நகர்த்தினாலே வழி அடைபட்டுவிடும். காட்டிலோ கரட்டிலோ இப்படிக் கல் வரிசை கண்ணில் பட்டால் கலைக்காதீர்கள். தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.