மலைவீட்டு அடுப்பு: சமையலும் குளிர்காப்பும்

கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் தமிழ்நாட்டை ஒட்டி அமைந்தவை. எல்லை ஒன்றே எனினும் தட்பவெப்பம் ஒன்றன்று. பாலக்காட்டுக் கணவாயின் சமவெளியில் பங்குனி, சித்திரை மாதங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியசை எட்டுவதுண்டு. இடுக்கியின் எல்லையோர மலைகளில் நிலை வேறு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறிலும், அதனை அடுத்த தேயிலைத் தோட்டங்களிலும் மார்கழி, தை மாதங்களில் புல்வெளிகள் உறைபனியால் வெண்மையாகின்றன. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் மூணாறுப் பகுதியில் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே இறங்கியது.

சமவெளிக் குடும்பத்திற்கு அடுப்பு ஒரு சமையல் சாதனம். மலைவாழ் குடும்பத்திற்கோ அதுவே வீட்டின் ஒரே வெப்ப மூலம். ஆகவே, பழைய அடுப்பை அகற்றிப் புதியது அமைக்கும் எந்தத் திட்டமும் இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொள்வது இன்றியமையாதது.

ஓர் அடுப்பு, பல பணிகள்

மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ 10 சதவீதமே பாத்திரத்தைச் சேர்கிறது என்பது பொதுவான மதிப்பீடு. காற்றில் உலர்ந்த ஒரு கிலோ விறகு சுமார் 3,500 கிலோ கலோரி வெப்பம் தரும் எனக் கொண்டால், சமையலுக்குப் பயன்படுவது 350 மட்டுமே. எஞ்சிய 3,150 கிலோ கலோரி சமவெளியில் முழு விரயமாகும். அடுக்களையை மேலும் புழுக்கமாக்குவதே அதன் விளைவு.

குளிர்ப் பிரதேசத்தில் இக்கணக்கு மாறுகிறது. எஞ்சிய வெப்பத்தில் ஒரு பகுதி அடுப்பைச் சுற்றி அமர்ந்தவர்களைச் சூடேற்றுகிறது. சுவரிலும் தரையிலும் தங்கி முன்னிரவு வரை அறையைக் காக்கிறது. அடுப்பின் மேலுள்ள பரணில் விறகு உலர்கிறது; விதைத் தானியங்கள் பூச்சியரிக்காமல் பாதுகாக்கப்படுகின்றன. ஆனி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவமழை பெய்யும் நாட்களில் ஈரத் துணிகளை உலர்த்துவதற்கும் அடுப்பே துணை. பொருளியலில் கூட்டு உற்பத்தி எனப்படுவதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்: ஒரே செலவில் பல பயன்கள் விளைகின்றன.

மலைப்பகுதியில் எரிபொருள் தேவை மிகுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிநீரின் வெப்பம் குறைவாதலால் அரிசியும் பருப்பும் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

புகையில்லா அடுப்பின் வரலாறு

திறந்த அடுப்பின் தீமை கண்கூடானது. வீட்டினுள் சூழும் புகை பெண்களையும் குழந்தைகளையும் முதலில் தாக்குகிறது. நுரையீரல் நோய், இதய நோய், குழந்தைகளின் நிமோனியா ஆகியவற்றுக்கு அது காரணமாகிறது. இவ்வகைப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் மக்கள் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இதனை அகற்றும் முயற்சி நம் நாட்டில் நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. 1950களில் ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பை வடிவமைத்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கப்பட்ட அஸ்திரா மையம் மூன்று பாத்திரங்கள் வைக்கத்தக்க அடுப்பை உருவாக்கியது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் உருவாக்கிய அடுப்பு 'பரிஷத் அடுப்பு' என்றே பெயர் பெற்றது. அவ்வமைப்பின் ஒருங்கிணைந்த ஊரகத் தொழில்நுட்ப மையம் 1987 முதல் பாலக்காடு மாவட்டத்தின் முண்டூரில் இயங்கி வருவது குறிப்பிடத்தக்கது.

மத்திய அரசு 1983இன் இறுதியில் மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் அத்திட்டம் முடிவுற்றபோது மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டிருந்தன. ஆயினும் அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. தரக்குறைவான கட்டுமானமும் பராமரிப்பின்மையும் இதற்குப் பொதுக் காரணங்கள். குளிர்ப் பகுதிகளுக்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. நெருப்பை மூடி, வெப்பம் முழுவதையும் பாத்திரத்திற்கே செலுத்துவது நல்ல சமையல் அடுப்பின் இலக்கணம். அந்த இலக்கணத்தில் அடுப்பு எவ்வளவு சிறக்கிறதோ, அறை அவ்வளவு குளிர்கிறது. பரணில் விறகும் உலர்வதில்லை. ஈர விறகு எரிவதால் புகை மீண்டும் பெருகுகிறது.

எரிவாயு வந்த பின்னரும்

2016ஆம் ஆண்டு மே முதல் நாள் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி உஜ்வலா திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பை அளித்தது. சமையற் புகையைக் குறைப்பதில் எரிவாயுவுக்கு நிகரான எளிய சாதனம் வேறில்லை எனலாம். ஆனால் 14.2 கிலோ சிலிண்டரைக் கொண்டு வீட்டைச் சூடேற்றுவது எந்தத் தொழிலாளர் குடும்பத்திற்கும் கட்டுப்படியாகாது. ஆகவே, எரிவாயு இருந்தும் விறகடுப்பை முற்றிலும் அணைக்க இயலாத நிலை மலைப்பகுதிகளில் தோன்றுகிறது. இதனைப் பழைய பழக்கத்தின் பிடிவாதம் என்று கள அலுவலர் கருதிவிடலாகாது. சமையல் தேவை நிறைவேறியபோதும் குளிர்காப்புத் தேவை எஞ்சி நிற்கிறது என்பதே இதன் பொருள்.

குளிர் ஒரு தேவையை உண்டாக்குகிறது என்பதைச் சட்டம் முன்பே ஏற்றுக்கொண்டது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆவது பிரிவு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைச்சட்டை முதலியன வழங்குமாறு விதிகள் இயற்ற மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. குளிர்ப் பகுதிகளில் வீட்டினுள் வெப்பநிலை 18 டிகிரிக்குக் குறையாதிருத்தல் நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்துள்ளது.

குளிர்ப் பகுதிக்கு ஏற்ற அமைப்பு

இவ்விரு தேவைகளையும் இணைத்து நிறைவேற்றும் அமைப்புகள் உலகில் பல உள்ளன. காஷ்மீரிலும் லடாக்கிலும் புகைக்குழாயுடன் கூடிய 'புகாரி' என்னும் இரும்பு அடுப்பு பயன்படுகிறது. கொரிய நாட்டு வீடுகளில் அடுப்பின் சூடான புகை தரையின் கீழ் ஓடிய பின்னரே வெளியேறியது. வட சீனத்தில் அப்புகை உறங்கும் மேடையின் உள்ளே செலுத்தப்பட்டது. நம் வீடுகளின் திண்ணையை ஒத்த அம்மேடை இரவெல்லாம் கதகதப்பாக இருக்கும்.

இவற்றின் அடிப்படைத் தத்துவம் எளியது. புகையை வெளியேற்று முன் அதன் வெப்பத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். சமையல் அடுப்பின் நெருப்பறை சிறிதாகவும் எடை குறைந்ததாகவும் இருத்தல் நன்று. கனத்த சுவர், பாத்திரம் சூடேறு முன் வெப்பத்தை உறிஞ்சிவிடும். குளிர்காப்புக்கோ கனத்த செங்கல் கட்டே தேவை. அதுவே வெப்பத்தைச் சேமித்து மெல்ல வெளியிடும். எனவே, நெருப்பறையை இலகுவாக அமைத்து, அதிலிருந்து வரும் புகைவழியைக் கனத்த செங்கல் திண்ணை ஒன்றின் ஊடே செலுத்தி, பின்னர் புகைபோக்கியில் சேர்ப்பது இரண்டிற்கும் பொருந்தும் வழியாகும்.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. புகைபோக்கி, கூரை முகட்டிற்கு மேல் குறைந்தது 60 செண்டிமீட்டர் உயர்ந்திருத்தல் வேண்டும்; இல்லையேல் மலைக்காற்று புகையை உள்ளே திருப்பும். மரச்சட்டத்தையோ கூரைப் புல்லையோ குழாய் தொடலாகாது. நீண்ட புகைவழியில் புகை குளிர்ந்து தார் படியும். ஆகவே துப்புரவு செய்யத் திறப்புகள் விடவேண்டும். முற்காலத்தில் பயன்பட்ட கல்நார்க் குழாய்களின் தூசு புற்றுநோய் விளைவிப்பதால் அவற்றை விலக்குதல் வேண்டும். விறகு உலர்த்துவதற்கு, சூடான திண்ணையின் மேலேயே பரண் அமைக்கலாம்.

எல்லாவற்றினும் முதன்மையானது காற்றோட்டம். மூடிய அறையில் கரித்தணலை வைத்து உறங்குவது உயிருக்கே ஆபத்தானது. தணலிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் அறியாமலே உயிரிழக்க நேரும். புகை இல்லை என்பதால் தணல் பாதுகாப்பானது என்னும் எண்ணத்தை மாற்றுவது களப்பணியாளரின் கடமையாகும். அதே காரணத்தால், தணல் முற்றிலும் அணையும் வரை புகைபோக்கியின் அடைப்பை மூடுதல் கூடாது.

திட்டமிடலுக்கு ஒரு பாடம்

அடுப்பை மட்டும் மாற்றுவது போதுமானதன்று. தகரக் கூரையின் கீழ் மரப்பலகை அடித்தல், கதவு இடுக்குகளை அடைத்தல், குளிப்பதற்குச் சூரிய வெந்நீர் அமைப்பு நிறுவுதல் ஆகியன விறகின் தேவையையே குறைக்கவல்லவை. இவை வீட்டுவசதித் துறையைச் சார்ந்தவை. அடுப்பு எரிசக்தித் துறையைச் சார்ந்தது. புகை சுகாதாரத் துறையைச் சார்ந்தது. மலைக் குடும்பத்திற்கோ இவை மூன்றும் ஒரே அறையின் பிரச்சினைகள்.

அமைக்கப்பட்ட அடுப்புகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒரு திட்டத்தை மதிப்பிடுவது மலைப்பகுதிக்குப் பொருந்தாது. மூன்று மழைக்காலங்களும் மூன்று பனிக்காலங்களும் கடந்த பின் அந்த அடுப்பு பயன்பாட்டில் உள்ளதா, இரவில் அவ்வீட்டில் திறந்த நெருப்பு மூட்டப்படுகிறதா என்னும் இரு வினாக்களையும் ஆய்வுப் படிவத்தில் சேர்த்தல் வேண்டும். புகைக்கும் குளிருக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஒரு தாயை உட்படுத்தாத திட்டமே மலைநாட்டிற்கு ஏற்ற திட்டமாகும்.