ஸ்டியரிங் இல்லாத வண்டி சந்திரனில் திரும்பியது எப்படி?

பட்டுக்கோட்டை உழவருக்குத் தெரிந்த வித்தைதான் அது!

2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27-ந் தேதி. சந்திரனின் தென்துருவப் பகுதியில் ஒரு சின்ன வண்டி ஊர்ந்து கொண்டிருந்தது. அதன் பெயர் பிரக்யான். "சந்திரயான்-3" விண்கலத்தில் இந்தியா அனுப்பிய வண்டி.

அதற்கு எதிரே, 3 மீட்டர் தூரத்தில், ஒரு பெரிய பள்ளம்! அதன் அகலம் 4 மீட்டர்.

வண்டி அதில் விழுந்தால் என்ன ஆகும்? தூக்கி விட அங்கே ஆள் இல்லை. கவிழ்ந்தால் அதன் தகட்டில் வெயில் படாது. வெயில் இல்லாவிட்டால் மின்சாரம் இல்லை. பல ஆண்டு உழைப்பு அந்தக் குழியோடு போய்விடும்.

பள்ளத்தைக் கண்ட விஞ்ஞானிகள் பூமியிலிருந்து உத்தரவு அனுப்பினார்கள். வண்டி வந்த வழியே திரும்பியது. பிறகு வேறு பாதையில் சென்றது. ஆபத்து நீங்கியது!

இதில் ஓர் அதிசயம் உண்டு. அந்த வண்டிக்கு ஸ்டியரிங்கே கிடையாது. பிறகு எப்படித் திரும்பியது?

வயலில் பாருங்கள்

பட்டுக்கோட்டைப் பக்கம் மாட்டு வண்டி ஓட்டியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லி விடுவார்கள்.

வண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டுமா? வண்டிக்காரர் இடத்து மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடிப்பார். வலத்து மாட்டைத் தட்டி விடுவார். ஒரு மாடு மெதுவாக நடக்கும். மற்ற மாடு வேகமாக நடக்கும். வண்டி தானாக வளையும்.

சேற்று உழவு ஓட்டும் டிராக்டரிலும் இதே வித்தை உண்டு. டிராக்டருக்கு ஸ்டியரிங் இருக்கிறது. ஆனால் சேற்றில் முன்சக்கரம் வழுக்கும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். அதற்காகத்தான் டிராக்டரில் இரண்டு பிரேக் மிதிகள் இருக்கின்றன. ஒன்று இடது பின்சக்கரத்துக்கு. மற்றொன்று வலது பின்சக்கரத்துக்கு. இடது பிரேக்கை மட்டும் மிதித்தால் இடது சக்கரம் நிற்கும். வலது சக்கரம் ஓடும். வரப்போரத்தில் டிராக்டர் சட்டென்று திரும்பிவிடும்.

பிரக்யான் வண்டியும் இப்படித்தான் திரும்பியது!

ஆறு சக்கரம், ஆறு மோட்டார்

பிரக்யானின் எடை 26 கிலோ. ஏறக்குறைய ஒரு சிப்பம் அரிசியின் எடை. அதற்கு ஆறு சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மோட்டார். ஒரு பக்கத்துச் சக்கரங்கள் மெதுவாகவும், மறுபக்கத்துச் சக்கரங்கள் வேகமாகவும் சுழன்றால் வண்டி வளையும். ஒரு பக்கம் முன்னாலும், மறுபக்கம் பின்னாலும் சுழன்றால், நின்ற இடத்திலேயே சுற்றும்.

சக்கரத்தைத் திருப்பத் தனி எந்திரம் வேண்டாம். ஆகவே எடை குறைவு. பழுதாகும் பாகமும் குறைவு. ஆனால் ஒரு குறை உண்டு. திரும்பும்போது சக்கரங்கள் மண்ணைத் தேய்த்துக் கொண்டு நகரும். மின்சாரம் கூடுதலாகச் செலவாகும்.

அதன் வேகம் என்ன தெரியுமா? வினாடிக்கு 1 சென்டிமீட்டர்! நிற்காமல் ஓடினாலும் 100 மீட்டர் போக ஏறக்குறைய 2¾ மணி நேரம் ஆகும்.

வீட்டில் ஓடும் பாறை வண்டி

திருப்புவதற்கு வேறு வழியும் உண்டு. சக்கரத்தையே இடமும் வலமும் திருப்புவது அது. செவ்வாய் கிரகத்தில் 2012-ம் ஆண்டு இறங்கிய "கியூரியாசிட்டி" என்ற அமெரிக்க வண்டி அந்த வகை. அதன் ஆறு சக்கரங்களில் மூலைக்கு ஒன்றாக நான்கு சக்கரங்கள் திரும்பும்.

பாறை மேல் ஏறும் ரிமோட் பொம்மை வண்டிகளும் சக்கரத்தைத் திருப்புகிறவைதான். பெரும்பாலும் முன்சக்கரம் மட்டும் திரும்பும். அதைத் திருப்புவது "சர்வோ" என்ற சிறிய பெட்டி. அதற்குள் ஒரு மோட்டாரும் பல்சக்கரங்களும் இருக்கும். வெளியே ஒரு சிறு கை நீட்டிக் கொண்டிருக்கும். அந்தக் கை ஒரு கம்பியைத் தள்ளும். கம்பி சக்கரத்தைத் திருப்பும்.

தரையில் ஒழுங்காகத் திரும்பும் வண்டி கல்லிடுக்கில் திணறுகிறதே, ஏன்?

சாதாரணக் கார் வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும், உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் ஓடும். பாறை வண்டியில் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டி இருப்பார்கள். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது இழுக்க வேண்டும் அல்லவா? அதற்காகத்தான். ஆனால் அதனாலேயே வண்டி வளைய மறுக்கும். டயரும் கல்லில் இறுகும். சர்வோ முக்கி முனகும். முடிவில் அதன் பிளாஸ்டிக் பல் உடையும்.

பலப்படுத்தும் முறை

முதலில் பேட்டரியைக் கழற்றி விடுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு இவற்றைக் கவனியுங்கள்:

1. பிளாஸ்டிக் பல் சர்வோவுக்குப் பதில் உலோகப் பல் சர்வோ போடலாம். அதன் மேல் "20 கிலோ" என்று போட்டிருந்தால், நடுத்தண்டிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி 20 கிலோ இழுக்கும் பலம் என்று பொருள்.

2. சர்வோ பலமானது, கம்பி மெலிந்தது என்றால் பயன் இல்லை. கம்பி வளையும்; சக்கரம் திரும்பாது. கெட்டியான உலோகக் கம்பி வேண்டும்.

3. சர்வோவைப் பிடித்திருக்கும் தகடு ஆடக்கூடாது.

4. பெரிய சர்வோ அதிக மின்சாரம் இழுக்கும். போதாவிட்டால் ரிமோட்டுக்கு வண்டி கட்டுப்படாது. அதற்கு ஏற்ற மின்சாரம் கிடைக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

5. சக்கரம் கடைசிவரை திரும்பிய பின்னும் சர்வோ "கிர்" என்று கத்தினால், அது இன்னும் தள்ளுகிறது என்று பொருள். அப்படியே விட்டால் சூடேறிக் கருகும். ரிமோட்டில் திருப்பும் அளவைக் குறையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கல்லும் மண்ணும் கலந்த இடத்தில் ஓட்டிப் பாருங்கள். சிமெண்டுத் தரையில் ஓடுவது சோதனை ஆகாது.

நாமக்கல் மண்

விஞ்ஞானிகளும் அப்படித்தான் சோதித்தார்கள். சந்திர மண்ணைப் போன்ற மண் அவர்களுக்குத் தேவைப்பட்டது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் அந்த வகைப் பாறை இருக்கிறது. அது பொடியாக்கப்பட்டு பெங்களூருக்குப் போனது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறை இதற்கு உதவியது.

இத்தனை எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. 2019-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி "சந்திரயான்-2" விண்கலத்தின் தரை இறங்கும் பகுதி சந்திரனில் மோதி நொறுங்கியது. அதனுள் இருந்த வண்டி ஓர் அடி கூட ஓடவில்லை.

அடுத்த முயற்சியின் திட்ட இயக்குனர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். ரெயில்வே ஊழியரின் மகன். பள்ளிப் படிப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் சேர்ந்தவர். படிப்படியாக முன்னேறி சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்றார். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி மாலை விண்கலம் பத்திரமாக இறங்கியது.

பிரக்யான் 100 மீட்டருக்கு மேல் ஓடியது. சந்திரனின் மண்ணில் கந்தகம் இருப்பதைக் கண்டு சொன்னது. செப்டம்பர் 2-ந் தேதி அதை உறங்க வைத்தார்கள். கடுங்குளிர் இரவுக்குப் பின் அது மீண்டும் கண் விழிக்கவில்லை.

சந்திரனில் காற்று இல்லை, மழையும் இல்லை. ஆகவே சக்கரத் தடம் எளிதில் அழியாது. பள்ளத்துக்கு முன்னே வந்து, பதறாமல் திரும்பிப் போன தடமும் அங்கே இருக்கும்.